சேலம்க்காய் வராமல் ப்ராஜெக்ட் எழுதுவது எப்படி

கோவை உழவர் சந்தையைப் பற்றி ஒரு சீனியர் எழுதிய பொருளாதார ப்ராஜெக்ட். அதன் சாஃப்ட் காப்பியை வாங்கிவந்த பையன் என் கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, 'கோவை' என்று வந்த இடத்திலெல்லாம் 'சேலம்' என்று ஒரே தட்டில் மாற்றினான். உள்ளே காய்கறி விலைப் பட்டியல் ஒன்று இருந்தது. கத்தரிக்காய், வெண்டைக்காய், சேலம்க்காய். கோவைக்காய்க்கு வந்த கதி அது. பைண்டிங் போட்டு, அட்டையில் தங்க எழுத்தும் அடித்தாயிற்று. வைவா என்கிற வாய்மொழித் தேர்வு அன்றைக்கு வெளித்தேர்வாளர் கேட்டாராம்: "தம்பி, இந்தச் சேலம்க்காயைப் பொரியல் பண்ணுவாங்களா, குழம்பு வைப்பாங்களா?"

ஒரே தட்டில் மாற்றும் வித்தையை அவனுக்குக் காட்டிக்கொடுத்தது நான்தான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

2003-இலிருந்து ஒரு பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே டி.டி.பி., ஜெராக்ஸ், பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். எம்.ஏ. ப்ராஜெக்ட், எம்ஃபில் இருந்த காலத்து ஆய்வேடுகள், பி.எச்டி. என்று எத்தனையோ தட்டச்சு செய்தாயிற்று. ஒரே இரண்டாம் இயலை மூன்று வருஷம் மூன்று பேருக்கு அடித்துக் கொடுத்திருக்கிறேன். "அக்கா, போன வருஷத்து ஃபைல் இருக்கா?" என்று கேட்டால் முன்பெல்லாம் பென் டிரைவில் போட்டும் கொடுப்பேன். இப்போது கொடுப்பதில்லை. அதற்குப் பதிலாக, அடுத்தவர் எழுத்தைத் திருடாமல் ஏடு எழுதுவது எப்படி என்று, கேட்டு வருகிறவர்களிடம் நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பார்த்தவரை, திருட வேண்டும் என்றே திட்டம் போடுகிற பிள்ளைகள் குறைவு. பாதிப் பேருக்கு நோட்டில்தான் காரியம் கெடுகிறது. டிசம்பரில் நூலகத்தில் உட்கார்ந்து பத்துப் புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். எது புத்தகத்து வரி, எது தன் வரி என்ற அடையாளமே அதில் இருக்காது. ஏப்ரலில் நோட்டைத் திறந்தால் எல்லாம் அவர்கள் கையெழுத்து. தன் கையெழுத்தில் இருப்பதால் தன் கருத்து என்றே நம்பி என்னிடம் அடிக்கக் கொடுத்துவிடுகிறார்கள்.

நோட்டைச் சரி செய்யுங்கள்

பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம் புத்தகத்துக்கு, வலது பக்கம் உங்களுக்கு. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முதல் வேலையாக ஆசிரியர், நூல், பதிப்பகம், ஆண்டு, எத்தனையாவது பதிப்பு என்று இடது பக்கத்தின் தலையில் எழுதிவிடுங்கள். பதிப்பு எண்ணை விட்டுவிடாதீர்கள். பதிப்பு மாறினால் பக்க எண்ணும் மாறும். பார்த்து அப்படியே எழுதுகிற வரி இரண்டே சொல்லானாலும் மேற்கோள் குறிக்குள் போட்டு, பக்க எண்ணையும் அதே நிமிஷத்தில் எழுதுங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்ட பக்க எண்ணைத் தேடி, ஏப்ரல் வெயிலில் நூலகத்துக்கும் என் கடைக்குமாக அலைந்தவர்களை எண்ணி மாளாது.

வலது பக்கம் வேறு மையில். அந்த வரியைப் படித்ததும் உங்களுக்கு என்ன தோன்றியது, எங்கே இடித்தது என்று எழுதுங்கள். "இது எங்க ஊர்ல இப்படி இல்லையே" என்று இருந்தால்கூடப் போதும். பின்னால் உங்கள் ஆய்வேடு வளரப்போவது அந்த வலது பக்கத்திலிருந்துதான். அது காலியாகவே இருந்தால், இப்போதே உங்கள் ஆய்வு வழிகாட்டியான கைடிடம் போய்ப் பேசுங்கள்.

போனில் படம் எடுக்கிறவர்கள் முதலில் தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் எடுத்துவிட்டு உள்ளே போங்கள். ஜெராக்ஸ் எடுத்தால் கடையை விட்டு இறங்குமுன் ஓரத்தில் நூலின் பெயரை எழுதுங்கள். பேனா கேட்டால் கொடுப்போம்.

சொந்த நடை என்பது சொல்லை மாற்றுவது இல்லை

இதைப் புரியவைக்கத்தான் எனக்கு அதிக நேரம் ஆகிறது. உதாரணத்துக்கு நானே ஒரு வரி எழுதுகிறேன். புத்தகத்தில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்:

"உழவர் சந்தைகள் இடைத்தரகர்களை விலக்கியதால் விவசாயிக்குக் கூடுதல் விலையும் நுகர்வோருக்குக் குறைந்த விலையும் ஒருசேரக் கிடைத்தன."

என்னிடம் வருவது இப்படி:

"உழவர் சந்தைகள் தரகர்களை நீக்கியதால் உழவருக்கு அதிக விலையும் வாங்குவோருக்குக் குறைவான விலையும் ஒன்றாகக் கிடைத்தன."

சட்டையை மாற்றியிருக்கிறது, ஆள் அதே ஆள். கீழே அடிக்குறிப்பு போட்டாலும் இது சரியாகாது. கருத்து அவருடையது என்றுதான் அடிக்குறிப்பு சொல்லும். வாக்கியத்தின் எலும்புக்கூடும் அவருடையது என்பது மறைந்தே இருக்கும். அப்படியே வேண்டுமென்றால் மேற்கோள் குறிக்குள் முழு வரியையும் போடுங்கள், குறைவே இல்லை. உங்கள் நடையில் வேண்டுமென்றால் புத்தகத்தை மூடுங்கள். பக்கத்தில் இருக்கிறவரிடம் அதை வாயால் சொல்லிப் பாருங்கள். சொன்னபடியே எழுதுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து ஒத்துப் பாருங்கள். இப்படி வரலாம்:

"தரகர் நடுவில் இல்லாததே இரு தரப்புக்கும் லாபம் என்கிறார் இவர். விடிகாலை எழுந்து காய் பறித்து, சந்தைவரை கொண்டுவந்து, தானே உட்கார்ந்து விற்கும் உழைப்பைக் கணக்கில் சேர்த்தால் அந்த லாபம் சுருங்குகிறது என்று நான் பேசிய விவசாயிகள் சொன்னார்கள்."

முதல் வாக்கியத்துக்கு அடிக்குறிப்பு போட வேண்டும். இரண்டாவது உங்களுடையது, நீங்கள் அந்தச் சந்தைக்குப் போயிருந்தால். போகாமல் எழுதினால் அது வேறு ஒரு திருட்டு.

எல்லாவற்றுக்கும் சான்று வேண்டுமா என்று கேட்பார்கள். உழவர் சந்தைத் திட்டம் 1999-இல் மதுரையில் தொடங்கியது என்பது ஊரறிந்த செய்தி. அதற்கு அடிக்குறிப்பு தேவையில்லை. ஒரு சந்தைக்கு நாளுக்கு எத்தனை டன் காய் வருகிறது என்று எழுதினால், அந்த எண் எங்கே கிடைத்தது என்று சொல்லியாக வேண்டும்.

ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழாக்கி எழுதினால் யாருக்குத் தெரியும் என்ற நினைப்பு தமிழ்வழி மாணவர்களிடம் நிறைய. நம் இலக்கணக்காரர்கள் மொழிபெயர்ப்பை வழிநூல், அதாவது இன்னொரு நூலைத் தழுவி வந்த நூல், என்ற கணக்கில்தான் வைத்தார்கள். முதல்நூல் என்று அதற்குப் பட்டம் கட்டவில்லை. ஆங்கில நூலை நீங்களே மொழிபெயர்த்தால் மூலத்தின் பெயரையும் பக்கத்தையும் போட்டு, 'மொழிபெயர்ப்பு ஆய்வாளருடையது' என்று எழுதுங்கள். கைடுக்கு அது பிடிக்கும். எந்திரத்தில் போட்டு எடுத்த தமிழ் தட்டச்சு செய்கிற எனக்கே தெரிந்துவிடுகிறது, திருத்துகிறவருக்குத் தெரியாதா?

அடிக்குறிப்பில் ஒரு பொறி

இதைப் படிப்பு சொல்லித்தருகிறவர்கள் அதிகம் சொல்வதில்லை. தட்டச்சு செய்கிறவர்களுக்குத்தான் தெரியும். முந்தைய அடிக்குறிப்பில் வந்த அதே நூல் என்றால் தமிழ் ஆய்வேடுகளில் 'மேலது, ப. 45' என்று போடுவோம். கடைசி வாரத்தில் கைடு ஒரு மேற்கோளைச் சேர்க்கச் சொல்வார். புது அடிக்குறிப்பு நடுவில் நுழையும். அந்த நிமிஷமே அதற்கு அடுத்து வரிசையாக வருகிற 'மேலது' எல்லாம் வேறொருவர் புத்தகத்தைக் காட்டத் தொடங்கிவிடும். நீங்கள் நேர்மையாகத்தான் எழுதினீர்கள். ஆனால் ஏட்டில் ஒருவர் சொன்னது இன்னொருவர் தலையில் இருக்கிறது. ஆகவே கடைசி வரைவு வரைக்கும் ஒவ்வொரு அடிக்குறிப்பிலும் ஆசிரியர் பெயரையும் நூலின் பெயரையும் முழுசாக வைத்திருங்கள். பிரின்ட்டுக்கு முந்தைய நாள் 'மேலது' ஆக்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று: கந்தசாமி எழுதியதை முத்துசாமி தன் நூலில் மேற்கோள் காட்டியிருக்கிறார், நீங்கள் பார்த்தது முத்துசாமியை மட்டும் என்றால், கந்தசாமியைப் படித்ததுபோலத் துணைநூற்பட்டியலில் சேர்க்காதீர்கள். 'முத்துசாமி நூலில் எடுத்தாளப்பட்டது' என்று போடுங்கள். முத்துசாமி பக்க எண்ணைத் தப்பாகப் போட்டிருந்தால் அந்தத் தப்பு உங்கள் ஏட்டிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் அப்படி ஒரே தப்பான பக்க எண்ணை நாலு ஆய்வேட்டில் அடித்திருக்கிறேன்.

சதவீதக் காய்ச்சல்

பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கருத்துத் திருட்டைத் தடுக்க விதிமுறை கொண்டுவந்தது. ஆய்வேட்டில் ஒற்றுமை, அதாவது ஏற்கெனவே வந்த எழுத்தோடு ஒத்துப்போவதாக மென்பொருள் காட்டும் பங்கு, 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாமல் தரும் கெடுவுக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் திருத்திய ஏட்டைக்கூட ஓராண்டுக்குக் கொடுக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. சான்று காட்டிய மேற்கோள்கள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை எல்லாம் இந்தக் கணக்கில் சேராது. பொதுவாகத் தெரிந்த செய்தியோ தற்செயலாக ஒத்துப்போகும் சொற்களோ தொடர்ச்சியாக 14 சொல் வரை வந்தாலும் சேராது.

அந்தப் பதினாலு போதாதா? "பதினாலு சொல்லுக்கு ஒரு சொல்லை மாத்தினா தப்பிச்சிரலாமாமே அக்கா" என்று ஒரு படையே வந்தது. எண்ணி எண்ணி ஒரு சொல்லை மாற்றுகிற நேரத்தில் ஒரு இயலை உட்கார்ந்து எழுதியிருக்கலாம். இன்னொரு கூட்டம், பழைய எழுத்துருவில் அடித்துத் தரச் சொன்னது. பாமினி மாதிரி எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றாமல் கொடுத்தால் மென்பொருளுக்குத் தெரிவது தமிழே இல்லை, வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. ஒற்றுமை பூஜ்யம் என்று காட்டும். தமிழ் ஆய்வேட்டில் பூஜ்யம் வந்தால் அதுவே சந்தேகம்தான். சங்கப் பாட்டு ஒன்றை எடுத்துக்காட்டினாலே ஏதாவது ஒத்துவர வேண்டுமே? எனக்கு வேலை என்றாலும் மாட்டேன் என்று அனுப்பிவிட்டேன். பி.எச்டி. ஏடு இன்ஃப்ளிப்நெட் நடத்தும் சோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஏறும். அங்கே யாரும் எப்போதும் இறக்கிப் படிக்கலாம்.

மென்பொருள் தரும் ஒற்றுமை ரிப்போர்ட்டைப் பார்க்கும்போது சதவீதத்தை விட்டுவிட்டு நிறம் பூசிய பத்திகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பாட்டும் சட்டப் பிரிவும் நிறமாக இருந்தால் பதற வேண்டாம். உங்கள் முடிவுரையில் ஒரு பத்தி நிறமாக இருந்தால், மொத்தம் 6 சதவீதமே ஆனாலும், அந்தப் பத்தியைத் தூக்கிவிட்டுத் திரும்ப எழுதுங்கள்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு என் கடைக்கு வருகிற துணைநூற்பட்டியல்கள் ரொம்ப அழகாகிவிட்டன. ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம், எல்லாம் கச்சிதம். அந்தப் புத்தகம்தான் உலகத்தில் இருக்காது. சாட்ஜிபிடி மாதிரி கருவிகளை உங்கள் கல்லூரி எந்த அளவுக்கு அனுமதிக்கிறது என்று கைடிடம் கேட்டு, பயன்படுத்தியதை ஏட்டில் சொல்லிவிடுங்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொரு நூலுக்கும் பக்கத்தில் பென்சிலால் 'பார்த்தேன்' என்று குறியுங்கள். குறிக்க முடியாததை அடித்துவிடுங்கள்.

வினாப்படிவ விஷயம் சுருக்கமாக. நூறு படிவம் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு சாயங்காலம் போவார்கள். காலையில் நூறும் நிரம்பி வரும். எல்லாம் ஒரே நீல மை, கையெழுத்து ஹாஸ்டல் நண்பர்கள் நாலு பேருடையது. முப்பது பேரைத்தான் பார்க்க முடிந்தது என்றால் முப்பது என்றே எழுதுங்கள். ஏன் முப்பது என்று ஒரு பத்தி எழுதினால் வைவாவில் பேச விஷயமும் கிடைக்கும்.

நாளைக்குக் கடைசி நாள், கையில் இருப்பது பாதி நகல் என்றால்? கைடுக்கு இன்றைக்கே போன் போடுங்கள். திட்டுவார். நகலான இயலைச் சுருக்கி, அது யாருடையது என்று வெளிப்படையாகச் சொல்லி, மேற்கோளாக்கி, இரண்டு பக்கத்தில் முடியுங்கள். ஏடு மெலிந்துபோகும். மெலிந்த ஏட்டுக்கு பைண்டிங் கூலியும் குறைவுதான்.

கையெழுத்துப் போடுமுன் உறுதிமொழிப் பக்கத்தை ஒருதடவை வாசியுங்கள். இந்த ஏடு என்னால் எழுதப்பட்டது, திருட்டு இல்லாதது என்று அதில் இருக்கும். அந்தப் பக்கத்தில் அச்சுப்பிழை இருந்தால்கூட யாரும் திரும்பி வந்து என்னிடம் கேட்டதில்லை.

நன்றியுரையையாவது நீங்களே எழுதுங்கள். ஒரு பையன், வயசு இருபத்தொன்று, கொண்டுவந்த ஏட்டில் முதல் பக்கமே 'கைக்குழந்தையோடு நான் படிக்க உறுதுணையாக நின்ற என் அன்புக் கணவருக்கும் மாமியாருக்கும்' என்று தொடங்கியது. பிரின்ட் கொடுக்குமுன் அவனைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு, "மாமியாரை மட்டும் எடுத்துருங்க அக்கா" என்றான்.