பிடித்த பாட்டுகளிலிருந்து ஒரு நிகழ்ச்சி: வானொலியில் பங்க், ராக், ஆல்டர்நேட்டிவ் தொகுப்பது எப்படி

சமுதாய வானொலி ஒன்றில் வாரம் ஒருமுறை, இரவு 10 மணி முதல் 12 மணி வரை உங்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்றும், பங்க் (வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட எளிய ராக்), ராக், ஆல்டர்நேட்டிவ் (பெருவணிக ஓட்டத்துக்கு வெளியே வளர்ந்த ராக்) என எந்த வகையானாலும் உங்களுக்குப் பிடித்ததை ஒலிபரப்பலாம் என்று நிலையத்தார் சொல்லிவிட்டார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். பிடித்த பாட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் நிகழ்ச்சி ஆகிவிடும் என்றே முதலில் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால், ஒரு பாட்டை நீங்கள் எந்த வயதில், யாருடைய அறையில் முதன்முதலாகக் கேட்டீர்கள் என்பது நேயருக்குத் தெரியாது. அவர் காதில் விழுவது அந்தப் பாட்டும், அதற்கு முன்னும் பின்னும் வரும் பாட்டுகளும் மட்டுமே. ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும் அந்த இடைவெளியில்தான் அவர் தொடர்ந்து கேட்பதா, நிலையத்தை மாற்றுவதா என்று முடிவு செய்கிறார். ஆகவே எந்தப் பாட்டு என்பதற்குச் செலவிடும் நேரத்தைப் போல இரண்டு மடங்கை, எதற்குப் பின் எது என்பதற்குச் செலவிடுங்கள்.

முதலில் நேரக் கணக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும். 120 நிமிடங்களில் பேச்சுக்கும் நிலைய அறிவிப்புகளுக்கும் 18 நிமிடங்களை எடுத்து வைத்தால், இசைக்கு 102 நிமிடங்கள் மிஞ்சும். ஒரு பாட்டுக்கு மூன்றரை நிமிடம் என்று வகுத்தால் 29 பாட்டுகள் கிடைக்கும். ஆனால் இந்த இசையில் சராசரி என்பதை நம்பவே முடியாது. ரமோன்ஸ் குழுவின் 1976 முதல் ஆல்பத்தில் 14 பாட்டுகளும் சேர்ந்து அரை மணி நேரத்தைத் தொடவில்லை. வயர் குழு 1977-ல் வெளியிட்ட 'பிங்க் ஃப்ளாக்' ஆல்பத்தில் 36 நிமிடங்களுக்குள் 21 பாட்டுகள் இருக்கின்றன. அதே ஆண்டில் வந்த டெலிவிஷன் குழுவின் 'மார்க்கீ மூன்' என்ற ஒரே பாட்டு ஏறக்குறைய பத்து நிமிடங்களை எடுத்துக்கொள்கிறது. போதாக்குறைக்கு, பழைய இசைத்தட்டில் பத்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகத் தேய்ந்து மறையும் அந்தப் பாட்டு, பிற்காலக் குறுந்தகட்டில் 10 நிமிடம் 40 நொடி வரை முழுமையாக ஓடுகிறது. எனவே பாட்டுகளின் எண்ணிக்கையைக் கொண்டு திட்டமிடாமல் நிமிடங்களையும் நொடிகளையும் கொண்டு திட்டமிடுங்கள். உங்கள் கையிலிருக்கும் பதிப்பின் நீளத்தையே குறித்துக்கொள்ளுங்கள்.

தேர்வுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பாட்டின் பெயர், குழு, ஊர், ஆண்டு, நீளம் ஆகியவற்றுக்கு அருகில், அது ஏன் பிடிக்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். 'நன்றாக இருக்கும்' என்பதற்கு மேல் எதுவும் எழுத வரவில்லை என்றால், அந்தப் பாட்டை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்து இன்னும் நான்கைந்து முறை கேளுங்கள். என் வழக்கப்படி, பலரும் அறிந்த பாட்டுகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போவதில்லை. அவை நேயருக்குக் காலூன்ற இடம் தருகின்றன. அவற்றுக்கு நடுவில்தான் அவர் இதுவரை கேட்டிராததைத் துணிந்து வைக்க முடியும். உள்ளூர்க் குழுக்களுக்கும் புதியவர்களுக்கும் ஒவ்வொரு வாரமும் குறைந்தது நான்கு இடங்களை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்துத் தி செயின்ட்ஸ் குழு, 1976-ல் தன் முதல் இசைத்தட்டைச் சொந்தப் பணத்தில் வெளியிட்டபோது, பிரிட்டனின் முதல் பங்க் இசைத்தட்டு என்று சொல்லப்படும் தி டாம்ட் குழுவின் வெளியீடுகூட இன்னும் வந்திருக்கவில்லை. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வெளியே முளைத்தவற்றை முதலில் ஒலிக்கவிடும் வாய்ப்பு பெரும்பாலும் சிறிய நிலையங்களுக்கே வாய்க்கிறது. சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மாணவர் வானொலியாக 1972-ல் தொடங்கி, 2001-ல் கே.இ.எக்ஸ்.பி. என்று பெயர் மாறிய நிலையத்தில், பிற்காலத்தில் மட்ஹனி, சவுண்ட்கார்டன் ஆகிய குழுக்களின் வழியாகப் பெயர்பெற்ற இளைஞர்களே தட்டுகளைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள்.

இனி, பாட்டுகளைச் சேர்க்கும் வேலைக்கு வருவோம். ஒவ்வொரு பாட்டின் முதல் 15 நொடிகளையும் கடைசி 15 நொடிகளையும் மட்டும் தனியாகக் கேட்டு, 'சட்டென்று நிற்கிறது', 'தேய்ந்து மறைகிறது', 'டிரம்ஸில் தொடங்குகிறது', 'ஒற்றைக் கிட்டார்', 'எடுத்த எடுப்பிலேயே குரல்' என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சட்டென்று நிற்கும் பாட்டுக்குப் பின் ஒரு மூச்சளவு அமைதியை விட்டு அடுத்ததைத் தொடங்கினால், அந்த நிறுத்தமே இரண்டையும் கட்டிவைக்கும். தேய்ந்து மறையும் பாட்டில் ஒலி பாதியாகக் குறையும்போதே அடுத்ததன் ஃபேடரை (ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் நகர்த்தும் பிடியை) உயர்த்தலாம். ஆனால் இரண்டும் வெவ்வேறு சுருதியில் இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று படியவிடக் கூடாது, காது கூசும். வேகமான பாட்டுகளை மூன்றுக்கு மேல் அடுக்காதீர்கள், நான்காவது வரும்போது வேகமே உறைக்காமல் போய்விடும். இதற்கு ஒரு விலக்கு உண்டு: மினிட்மென் குழு 1984-ல் வெளியிட்ட இரட்டை இசைத்தட்டில் 45 பாட்டுகள் இருக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவை இரண்டு நிமிடங்களுக்கும் குறைவானவை, அவற்றில் மூன்றை இடைவெளியின்றிச் சேர்த்து ஒரே பாட்டைப் போல வைத்தால் நேயர் திணறாமல் கேட்பார்.

ஒலியால் சேர்ப்பது ஒரு வழி. வரலாற்றால் சேர்ப்பது இன்னொரு வழி, அதுவே எனக்கு மிகவும் பிடித்தது. லண்டனின் ராக்ஸி கிளப்பில் 1977-ன் தொடக்கத்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றிய டான் லெட்ஸ், பங்க் இசைத்தட்டுகள் அப்போது விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே வந்திருந்ததால், குழுக்கள் மேடையேறாத நேரமெல்லாம் ஜமைக்காவின் ரெகே இசையை ஒலிக்கவிட்டார். அங்கே கூடிய பங்க் இளைஞர்களின் காதுகளில் ரெகே தங்கியது. ஜமைக்காவின் ஜூனியர் மர்வின் 1976-ல் பாடிய 'போலீஸ் அண்ட் தீவ்ஸ்' பாட்டையும், அதையே தி க்ளாஷ் குழு 1977-ல் தன் முதல் ஆல்பத்தில் ஆறு நிமிடங்களுக்கு நீட்டிப் பாடியதையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். முன்னதில் மிக உயர்ந்த குரல் மிதக்கிறது. பின்னதில் கிட்டார்கள் வெட்டி வெட்டி இறங்குகின்றன. ரெகேயும் பங்க்கும் ஒரே நிகழ்ச்சியில் எப்படி என்று கேட்பவருக்கு அந்தப் பத்து நிமிடங்களே போதிய விளக்கம்.

தமிழர் கேட்டால் தனியாக நெஞ்சைத் தொடக்கூடிய சேர்க்கை ஒன்றும் இருக்கிறது. க்ளாஷ் குழுவின் 1982 ஆல்பத்தில் வரும் 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' என்ற பாட்டு, குடியேறியவர்களையும், வியட்நாமில் அமெரிக்கப் படைவீரர்கள் விட்டுச்சென்ற குழந்தைகளையும் பற்றியது. அதன் ஒலித்துணுக்கை எடுத்து அதன்மேல் எழுப்பப்பட்டதே, ஈழத்திலிருந்து அகதியாக லண்டன் சென்ற குடும்பத்தின் மகளான எம்.ஐ.ஏ. 2007-ல் வெளியிட்ட 'பேப்பர் ப்ளேன்ஸ்'. அந்தப் பாட்டும் குடியேறியவர்களைச் சந்தேகத்தோடு பார்க்கும் கண்ணைப் பற்றியதே. இந்த இரண்டையும் வைக்கும்போது முன்கூட்டியே விளக்காதீர்கள். பழையதை முழுதாக ஓடவிட்டு, அது தேய்ந்து மறைந்ததும் புதியதைத் தொடங்குங்கள். ஒலி திரும்பி வருவதை நேயர் தானாகக் கண்டுகொள்ளும் நொடிக்காகத்தான் இவ்வளவு சிரமமும். இதைப் போலவே, பெரு நாட்டின் லிமா நகரில் லோஸ் சைக்கோஸ் குழு 1965-ல் கத்திப் பாடியதை 1976-ன் செயின்ட்ஸ் பாட்டுக்கு முன்னும், டெட்ராய்ட்டில் கறுப்பினச் சகோதரர்கள் மூவர் டெத் என்ற பெயரில் 1975-ல் பதிவு செய்ததை வாஷிங்டனின் பேட் ப்ரெயின்ஸ் குழுவுக்கு முன்னும் வைக்கலாம். டெத் குழுவின் அந்தப் பதிவுகள் ஆல்பமாக வெளிவந்தது 2009-ல்தான். இந்த ஒரு தகவலைச் சொன்னால் போதும், நேயர் நிமிர்ந்து உட்காருவார்.

ஒலி அளவில் கவனம் தவறினால் இந்த உழைப்பு வீணாகிவிடும். 1970-களின் இசைத்தட்டுகளில் மெல்லிய இடமும் உரத்த இடமும் தெளிவாகப் பிரிந்திருக்கும். 1990-களின் பிற்பகுதியிலிருந்து வந்த குறுந்தகடுகளில் எல்லா இடமும் உரக்க ஒலிக்கும்படி அழுத்திப் பதிக்கும் வழக்கம் பரவியது. இரண்டையும் ஃபேடரை நகர்த்தாமல் அடுத்தடுத்து விட்டால், நேயர் ஒன்றுக்கு ஒலியைக் கூட்டி வைத்து, மற்றொன்றுக்குத் திடுக்கிட்டுக் குறைப்பார். கோப்புகளாகத் தயாரிப்பவர்கள் ஒலியின் உரப்பை அளக்கும் மென்பொருளைக் கொண்டு எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடலாம். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் அதற்குக் கழித்தல் 23 எல்.யு.எஃப்.எஸ். என்ற அளவை வகுத்திருக்கிறது. உங்கள் நிலையம் வேறோர் அளவைச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். இசைத்தட்டுகளைச் சுழற்றுபவர்கள் பாட்டின் மிக உரத்த இடத்தைத் தேடி, ஹெட்ஃபோனில் முன்பே கேட்டு, ஃபேடர் எங்கே நிற்க வேண்டும் என்பதை நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும்.

இசைத்தட்டின் வேகத்தையும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். 12 அங்குலத் தட்டு என்றாலே நிமிடத்துக்கு 33 சுற்று என்று கை பழகிவிடும், ஆனால் அந்த அளவிலேயே 45 சுற்றில் ஓட வேண்டிய தட்டுகள் ஏராளமாக உண்டு. ஒருமுறை அப்படிப்பட்ட தட்டு ஒன்றை நான் 33-ல் ஓடவிட்டு, பாடகரின் குரல் கனத்து இழுபடுவதை இருபது நொடிகள் கழித்தே உணர்ந்தேன். ஃபேடரை இறக்கி, வேகம் தவறிவிட்டது என்று சொல்லி, முதலிலிருந்து தொடங்கினேன். பி.பி.சி. ரேடியோ 1-ல் 1967 முதல் 2004-ல் இறக்கும்வரை நிகழ்ச்சி நடத்திய ஜான் பீலுக்கும் இந்தத் தவறு நேர்ந்திருக்கிறது, நேயர்கள் அதற்காக அவரை விட்டுப் போய்விடவில்லை.

பேச்சைப் பொறுத்தவரை, பீலிடம் கற்றுக்கொள்ள வேண்டியது அவருடைய நிதானத்தை. உரத்த இசைக்கு உரத்த அறிவிப்பு தேவையில்லை; எதிரில் அமர்ந்திருக்கும் ஒருவரிடம் பேசுவதைப் போல் பேசினால் போதும். மூன்று பாட்டுகளுக்கு ஒருமுறை, 40 நொடிக்கு மிகாமல், முடிந்த பாட்டுகளின் விவரத்தைச் சொல்லுங்கள்: 'முதலில் கேட்டது, க்ளாஷ் குழு 1982-ல் வெளியிட்ட ஸ்ட்ரெய்ட் டு ஹெல், அதன் ஒலித்துணுக்கை எடுத்து எம்.ஐ.ஏ. 2007-ல் அமைத்த பேப்பர் ப்ளேன்ஸ் அதைத் தொடர்ந்து வந்தது.' இவ்வளவு சொல்லி நிறுத்திவிட்டு, அடுத்த பாட்டைத் தொடங்குங்கள். பெயர்களை முன்கூட்டியே உரக்கச் சொல்லிப் பழகுங்கள், தயங்கித் தயங்கிச் சொல்லப்படும் பெயரை நேயரால் பிறகு தேடிக்கண்டுபிடிக்க முடியாது. ஒரு பாட்டு உங்களை உண்மையாகவே உலுக்கிவிட்டால் அதை மறைக்க வேண்டியதும் இல்லை. வட அயர்லாந்தின் டெரி நகரத்து இளைஞர்களான தி அண்டர்டோன்ஸ், பெல்ஃபாஸ்டின் சிறிய நிறுவனமான குட் வைப்ரேஷன்ஸ் வழியாக 1978-ல் வெளியிட்ட 'டீனேஜ் கிக்ஸ்' பாட்டைப் பீல் அடுத்தடுத்து இரண்டு முறை ஒலிபரப்பினார். அதன் பின்னரே சயர் நிறுவனம் அக்குழுவை ஒப்பந்தம் செய்தது.

விதிகளையும் அறிந்திருக்க வேண்டும். இந்த இசையில் வசைச் சொற்கள் சாதாரணமாக வரும் என்பதால், ஒவ்வொரு பாட்டையும் கடைசி நொடி வரை கேட்காமல் ஒலிபரப்பாதீர்கள். அமெரிக்காவில் அநாகரிகமாகக் கருதப்படக்கூடியவற்றுக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையே இடம் உண்டு. அந்நாட்டின் இணைய ஒலிபரப்புச் சட்ட உரிமத்தின்படி, மூன்று மணி நேரத்துக்குள் ஒரே ஆல்பத்திலிருந்து மூன்று பாட்டுகளுக்கு மேலும், ஒரே கலைஞரின் நான்கு பாட்டுகளுக்கு மேலும் ஒலிக்கக் கூடாது. பாட்டு வரிசையை முன்கூட்டியே வெளியிடவும் கூடாது. ஒலிபரப்பிய பாட்டுகளின் பட்டியலை நிலையம் கேட்கும்போது சலித்துக்கொள்ளாமல் குழு, பாட்டு, வெளியீட்டு நிறுவனம் என எல்லாவற்றையும் பிழையின்றி நிரப்புங்கள். நிலையம் கட்டும் உரிமைத் தொகை யாருக்குப் போய்ச்சேர வேண்டும் என்பது அந்தப் பட்டியலைக் கொண்டே முடிவாகிறது. பெயர் தவறிவிட்டால் நஷ்டப்படுவது பெரும்பாலும் சிறிய குழுதான்.

கடைசிப் பாட்டைப் பின்னிருந்து எண்ணித் தொடங்க வேண்டும். 12 மணிக்குச் செய்தி என்றால், விடைபெறவும் நிலைய அறிவிப்புக்கும் 30 நொடிகளை ஒதுக்கி, பாட்டு 11:59:30-க்கு முடிய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறுந்தகட்டின் 'மார்க்கீ மூன்' என்றால் 11:48:50-க்குத் தொடங்க வேண்டும். அந்த நேரத்துக்கு முன் மூன்று நிமிடங்கள் மிஞ்சினால் ஒன்றரை நிமிடப் பங்க் பாட்டுகள் இரண்டு கைவசம் இருக்கட்டும். நேரம் ஏற்கெனவே கடந்திருந்தால் நீண்ட பாட்டை அடுத்த வாரத்துக்கு எடுத்துவைத்துவிடுங்கள். பத்து நிமிடம் காத்திருந்து கேட்டவரிடமிருந்து அந்த முடிவின் கடைசிக் கிட்டார் ஒலியைப் பிடுங்கிக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை.