தைராய்டு ரிப்போர்ட் சரியில்லையா? டோஸை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

டி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் போதாது. கூடவே ஃப்ரீ டி4, அதாவது தைராய்டு சுரக்கும் ஹார்மோனின் ரத்த அளவும் வேண்டும். டி.எஸ்.எச். என்பது மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு இடும் உத்தரவு. தைராய்டு குறைவாகச் சுரந்தால் அது ஏறும், அதிகம் சுரந்தால் இறங்கும். பெரியவர்களுக்கு ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை இயல்பு. ஆனாலும் உங்கள் ரிப்போர்ட்டில் அச்சிட்டிருக்கும் வரம்பையே பாருங்கள். கர்ப்பிணிகளுக்கு வரம்பு வேறு.

டி.எஸ்.எச். ஏறி, டி4 இறங்கியிருந்தால் தைராய்டு குறைபாடு, மாத்திரை வேண்டும். நேர்மாறாக இருந்தால் மிகைச் சுரப்பு. டி.எஸ்.எச். 4க்கும் 10க்கும் நடுவில், டி4 சரியாக இருக்கிறதா? பதற வேண்டாம். 2, 3 மாதம் கழித்து மறுபடி எடுத்தால் பலருக்கு இறங்கியிருக்கும். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் மட்டும் இப்படிக் காத்திருக்கக் கூடாது. அடிக்கடி கோட்டைவிடப்படுவது இன்னொன்று: டி4 குறைவு, டி.எஸ்.எச். நார்மல். இதில் கோளாறு பிட்யூட்டரியில் இருக்கலாம். டி.எஸ்.எச். நார்மல்தானே என்று ரிப்போர்ட்டை மூடிவைத்துவிடாதீர்கள்.

மாத்திரை சாப்பிட்டும் டி.எஸ்.எச். எண் இறங்கவில்லை என்றால், டோஸைக் கூட்டும் முன் சாப்பிடும் விதத்தைப் பாருங்கள். தைராய்டு குறைபாட்டுக்கான மாத்திரையான லெவோதைராக்சினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, 30 முதல் 60 நிமிடம் கழித்துத்தான் காபியும் உணவும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி கட்டாயம். அவை மருந்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். டோஸ் மாற்றினால் 6 வாரத்துக்கு முன் பரிசோதிப்பதில் பயனில்லை, டி.எஸ்.எச். நிலைபெற அவ்வளவு காலம் பிடிக்கும். டி.எஸ்.எச். 9, டி4 மேல்வரம்பை ஒட்டி என்று வந்தால், பல நாள் மாத்திரையை விட்டுவிட்டு, பரிசோதனைக்கு முன் சில நாள் மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க வாய்ப்புண்டு. டி4 உடனே ஏறும், டி.எஸ்.எச். மெதுவாகத்தான் இறங்கும். இதை மருத்துவரிடம் மறைத்தால் தேவையில்லாமல் டோஸ் கூடும். பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் நாளில் மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள்.

முடி, நகத்துக்கான மாத்திரைகளில் உள்ள பயோட்டின் என்ற வைட்டமின் சில பரிசோதனைக் கருவிகளை ஏமாற்றி, இல்லாத மிகைச் சுரப்பைக் காட்டும். பரிசோதனைக்குக் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்துங்கள்.

டி.எஸ்.எச். சரியாகியும் சோர்வும் முடி உதிர்வும் தொடர்ந்தால், அது உங்கள் கற்பனை இல்லை. ஆனால் காரணம் தைராய்டாக இல்லாமலும் போகலாம். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பு), வைட்டமின் பி12, சர்க்கரை ஆகியவற்றைப் பாருங்கள். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மனச்சோர்வு, மாதவிடாய் நிற்கும் பருவம் ஆகியவற்றையும் கேட்டுப் பாருங்கள். சோர்வுக்காக டோஸை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் டி.எஸ்.எச். 0.1க்கும் கீழே போய் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், எலும்பும் தேயலாம். மாத்திரை சாப்பிடும்போது படபடப்பு, கைநடுக்கம், காரணமில்லாத எடை இழப்பு தெரிந்தால் அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சுவலி வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.