கண்ணாடி மங்குகிறதா? முதலில் துடைப்பதை நிறுத்துங்கள்

சென்னையிலிருந்து ஈசிஆர் வழியாக வரும் ஏசி பஸ் புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் நின்றதும், கண்ணாடி போட்டவர்கள் படிக்கட்டிலேயே தடுமாறுவார்கள். உடனே சட்டை முனையால் ஒரு துடைப்பு. துடைத்த கையோடு மறுபடி மங்கும். கண்ணாடி இன்னும் ஜில்லென்றுதானே இருக்கிறது!

வெளியே 32 டிகிரி வெயில், காற்றில் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால், சுமார் 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளின் மேலும் நீர் படியும். 22 டிகிரி ஏசியில் இருந்து வந்த லென்ஸ் அதைத் தாண்டிச் சூடேறும்வரை துடைத்துப் பயனில்லை. இறங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பே தலைக்கு மேல் உள்ள ஏசி துவாரத்தை மூடுங்கள். கண்ணாடியைத் துணிப் பைக்குள் போட்டுச் சட்டைப் பையில் வைத்தால் உடம்புச் சூடே போதும். காரில் வருபவர்கள் கடைசி இரண்டு கிலோமீட்டர் ஜன்னலை இறக்கிவிட்டு வரலாம்.

சட்டை முனை, முந்தானை, துண்டு எதுவும் லென்ஸுக்கு ஆகாது. நம் கடலோரக் காற்றில் உப்பும் மணல் தூசியும் கலந்திருக்கிறது. உலர்ந்த துணியால் தேய்த்தால் அவையே கீறல் போடும். போதாததற்கு முகத்து எண்ணெயும் லென்ஸில் ஏறும். எண்ணெய் பட்ட இடத்தில் நீர் குட்டிக் குட்டித் துளியாக நின்று ஒளியைச் சிதறடிக்கும். அதுதான் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. சுத்தமான லென்ஸில் மெல்லிய சோப்புப் படலம் இருந்தால் அதே நீர் தகடு போலப் பரவி, பார்வையை மறைக்காது.

ஆகவே பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு போதும். முதலில் குழாய் நீரில் தூசியை ஓடவிடுங்கள். பிறகு விரல் நுனியால் லென்ஸின் இரு புறமும், மூக்குப் பிடியும், ஃபிரேம் ஓரமும் 20 விநாடி தேய்த்து, சட்டென்று அலசி, உதறி, தானாகக் காயவிடுங்கள். ஓரத்தில் தங்கும் நீரை டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். போர் தண்ணீர் உப்பாக வரும் வீடுகளில் கடைசி அலசலை மட்டும் கேன் தண்ணீரில் செய்யாவிட்டால் வெள்ளைப் புள்ளி நிற்கும். நிறைய சோப்பு விட்டால் நிறைய பலன் என்பது தப்புக்கணக்கு. கோடு கோடாகத் தெரியும், வியர்வையோடு வழிந்து கண்ணும் எரியும். மாய்ஸ்சரைசர் கலந்த சோப்பு பிசுக்கைத்தான் விட்டுவைக்கும். கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணியைத் துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரி துணி மென்மையாக்கும் திரவம் ஊற்றினாலும் அதே கதை.

டூத்பேஸ்ட் போடச் சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம். அதில் தேய்க்கும் துகள் இருக்கிறது. அசிட்டோன் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவரும், அமோனியா உள்ள ஜன்னல் கிளீனரும் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் லென்ஸைக் கெடுக்கும். கொதிநீரும் கூடாது.

கடலூர் சிப்காட் பக்கம் கெமிக்கல் வேலை செய்பவர்களுக்கு லென்ஸ் மங்குவது பார்வைத் தொல்லையோடு முடிவதில்லை. வியர்த்து மங்கியதும், கண்ணை மூடிப் பாதுகாக்கும் காகிள்ஸை நெற்றிக்குத் தூக்கிவிடுவார்கள். நெற்றியின் சூடும் வியர்வையும் உள்பக்கம் ஏறி, கீழே இறக்கியதும் முன்னைவிட மோசமாக மங்கும். இடையில் தெறித்தால் கண்ணுக்குப் பாதுகாப்பே இல்லை. இன்னொரு விபரீதம், காற்று வர வேண்டுமென்று காகிள்ஸில் ஓட்டை போடுவது. கிரைண்டிங் வேலைக்கு நேரடித் துளை உள்ளது சரி. திரவம் தெறிக்கும் இடத்தில் வளைந்த பாதையுள்ள மறைமுகக் காற்றுவழிதான் வேண்டும். வாங்கும்போது ஃபிரேமில் பொறித்திருப்பதைப் பாருங்கள்: ஐரோப்பியத் தரம் இஎன் 166-ன்படி 3 என்றால் திரவத் தெறிப்புக்கானது, லென்ஸில் ‘என்’ எழுத்து இருந்தால் ஆவி படியாத சோதனையில் தேறியது. ஆவி படியாமல் தடுக்கும் பூச்சு பெரும்பாலும் உள்பக்கம்தான். ஈரமாக இருக்கும்போது இளகி நிற்கும் என்பதால் அப்போது தேய்த்தால் போயே போய்விடும். நீரில் அலசி, ஒற்றி, உலரவிடுங்கள். பூச்சு உரிந்து திட்டுத் திட்டாகத் தெரிந்தால் புதிது வாங்குவதே மேல்.

மாஸ்க்கோடு போடுபவர்கள் மூக்குக் கம்பியை இரு கை விரலாலும் அழுத்திப் படிய வைத்து, கண்ணாடியை மாஸ்க்கின் மேல் உட்கார வையுங்கள். அப்படியும் மூச்சு மேலே வந்தால் மாஸ்க்கின் மேல் ஓரத்தில் மைக்ரோபோர் டேப் (மருந்துக் கட்டுக்கு ஒட்டும் டேப்) ஒரு துண்டு ஒட்டலாம். பவர் கண்ணாடிக்கு மேல் காகிள்ஸ் மாட்டுபவர்கள் இரண்டையும் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். நாள் முழுக்க அதே வேலை என்றால் பவரோடு செய்த சேஃப்டி கிளாஸே தோது.

கடலூர் முதுநகர் துறைமுகப் பக்கம் ஐஸ் பிளாண்ட், குளிர்பதனக் கிடங்கு வேலைக்கு மட்டும் சோப்பை நம்பிப் பயனில்லை. உறைநிலைக் குளிரில் இருந்து வெளியே வரும் லென்ஸில் தண்ணீர் சொட்டவே செய்யும். இன்னொரு கண்ணாடியைக் கதவுக்கு வெளியே வைத்திருந்து, வந்ததும் மாற்றிக்கொள்ளுங்கள்.