ஸ்ட்ரெயிட்டனிங் செய்த பகுதியில் மட்டும் சொரசொரப்பு

அப்பாடா, ஒருவழியாகச் சரியாகிவிட்டது. ஸ்ட்ரெயிட்டனிங் செய்து சில மாதங்களில் என் முடி மேலே ஒரு மாதிரி, காதுக்குக் கீழே வைக்கோல் மாதிரி ஆனது. தேங்காய் எண்ணெய், ஹேர் ஸ்பா, கெரட்டின் மாஸ்க் எதற்கும் மசியவில்லை. பார்லரில் "மறுபடி முழுசா பண்ணிடலாம்மா" என்றார்கள். மருந்து பட்ட முடியில் திரும்பவும் மருந்து பட்டால் உடையும் என்று மறுத்துவிட்டேன்.

அப்புறம்தான் ஒன்று கண்ணில் பட்டது. ஒற்றை முடியை வேரிலிருந்து நுனிவரை இரண்டு நகங்களுக்கு நடுவே இழுத்தால், புதிதாக வளர்ந்த சுருள் வழுவழுவென்று இருக்கிறது. நேராக்கிய பகுதி தொடங்கும் இடத்திலிருந்துதான் சொரசொரப்பு. எங்கள் வீட்டில் போர் தண்ணீர், ஹீட்டர் கம்பியெல்லாம் வெள்ளைப் படிவு. மருந்து பட்ட முடி, நீரிலுள்ள கால்சியத்தை அதிகமாகப் பிடித்துக்கொள்ளும்.

லேபிளில் இடிடிஏ (கால்சியத்தைப் பிடித்து இழுக்கும் பொருள்) முன்வரிசையில் வரும் கீலேட்டிங் ஷாம்பூ, அதாவது முடியில் படிந்த கால்சியத்தை நீக்கும் ஷாம்பூ வாங்கி, 5 நிமிடம் ஊறவிட்டு அலசினேன். பிறகு கண்டிஷனர், கடைசி மக் மட்டும் கேன் தண்ணீர். முதல் அலசலிலேயே பாதி போனது. இதை அடிக்கடி போட வேண்டாம், முடி வறண்டுவிடும். சுருளும் நேர்முடியும் சேருமிடத்தில் சீப்பை மெதுவாக இழுங்கள், அங்கேதான் சட்டென்று ஒடியும்.