நாய்க் கண்காட்சியில் முதன்முறை இறங்கப்போகும் குமரி மாவட்டப் பிள்ளைகளுக்கு

பள்ளி விட்டதும் நாயைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்கு ஓடும் பிள்ளைகள் நம் மாவட்டத்தில் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். நாய்க் கண்காட்சி என்றால் வசதியானவர்கள் லட்சக்கணக்கில் நாய் வாங்கி வந்து நிறுத்தும் இடம் என்று இவர்கள் ஒதுங்கிப்போவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. பல கண்காட்சிகளில் பிள்ளைகளுக்கென்றே ஒரு போட்டி வைக்கிறார்கள். ஜூனியர் ஹேண்ட்லிங் என்று பெயர். மற்றப் போட்டிகளில் நடுவர் நாயின் உடலமைப்பை மதிப்பிடுவார். இதிலோ நாயைப் பிடித்திருக்கும் பிள்ளை அதை எப்படிக் கையாளுகிறது என்றுதான் பார்ப்பார். சுமாரான நாயோடு வந்த பிள்ளை, பெரிய சாம்பியன் நாயோடு வந்த பிள்ளையை ஜெயிக்கலாம்.

படிக்க நிறைய இருந்தாலும் அடிப்படை விதி ஒன்றுதான். நடுவர் எங்கே நின்றாலும், அவருக்கும் உங்கள் நாய்க்கும் நடுவில் நீங்கள் வரக் கூடாது. கீழே சொல்வதில் பாதிக்கு மேல் இதிலிருந்து வருவதுதான்.

1. முதலில் வெறுங்கையோடு போய்ப் பாருங்கள்

நமக்குப் பக்கம் திருவனந்தபுரம். நாகர்கோவிலிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மாலையில் திரும்பிவிடலாம். மதுரை, கோவை, சென்னையிலும் கண்காட்சிகள் நடக்கின்றன. ஊட்டியில் மே மாதம் நடப்பது பழைய, பேர் பெற்ற கண்காட்சி. தேதிகளைச் சென்னையில் தலைமையகம் வைத்திருக்கும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் இணையதளத்தில் பார்க்கலாம். இதைத்தான் எல்லாரும் கேசிஐ என்கிறார்கள்.

போனால் அழகான நாய்களையே பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். நல்ல ஹேண்ட்லர், அதாவது நாயைப் பிடித்துக் காட்டுபவர், ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவருடைய இடது கையையும் கால்களையும் மட்டும் பத்து நிமிஷம் கவனியுங்கள். லீட், அதாவது நாயைப் பிடிக்கும் கயிறு, எங்கே தளர்கிறது, எங்கே இறுகுகிறது, நடுவர் நகர்ந்ததும் அவர் எந்தப் பக்கம் விலகுகிறார் என்பதெல்லாம் தெரியவரும். போட்டி நடக்கும் களத்தை ரிங் என்பார்கள். ரிங்குக்குள் போகக் காத்திருப்பவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். முடித்து வெளியே வந்ததும் கேட்டால் பெரும்பாலும் பொறுமையாகச் சொல்லித்தருவார்கள். சீவி முடித்து நிற்கும் நாயைக் கேட்காமல் தொடவே கூடாது.

2. எந்த நாய்?

புது நாய் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. சொந்தக்காரர் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ கேசிஐயில் பதிவு செய்த நாய் இருந்தால் அதைப் பழக்கிக்கொண்டு போகலாமா என்று நடத்துபவர்களிடம் கேளுங்கள். வயது வரம்பும் மற்ற நிபந்தனைகளும் கண்காட்சிக்குக் கண்காட்சி மாறும், அறிவிப்பில் போட்டிருப்பார்கள்.

வாங்குவதென்றால், "பேப்பர் இருக்கு" என்ற பேச்சை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். கேசிஐ சான்றிதழைக் கையில் வாங்கிப் பாருங்கள். நாயின் தோலுக்கடியில் இருக்கும் மைக்ரோசிப்பின் எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். படிக்கும் கருவி இருக்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

என் விருப்பத்தைக் கேட்டால் ராஜபாளையம் அல்லது சிப்பிப்பாறை என்பேன். இரண்டும் நம் தென்மாவட்ட வெயிலுக்குப் பிறந்த நாய்கள். குட்டை முடி, பராமரிப்பும் குறைவு. ராஜபாளையத்துக்கு 2005இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. ஆனால் இரண்டுமே கூச்சமுள்ள ஜாதி. வீட்டாரைத் தவிர யாரையும் எளிதில் கிட்டே சேர்க்காது. அதனால் சிறு வயதிலேயே ஊர் மனிதர்களிடம் பழக்க வேண்டும். ஹஸ்கி வேண்டாம். நம் கடலோரப் புழுக்கத்தில் அதை ஓடவிடுவது அதற்குச் செய்யும் கொடுமை.

3. உடம்பு சரியாக இருந்தால்தான் மற்றது

தடுப்பூசி அட்டை முழுமையாக இருக்க வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியைக் குட்டிக்கு மூன்று மாத வயதில் போட்டு, பிறகு ஆண்டுதோறும் மருத்துவர் சொல்கிறபடி தொடருங்கள். நமக்கு ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ரப்பர் தோட்டத்துப் புதரில் புரண்டு வரும் நாய்க்கு உண்ணி ஏறாமல் இருக்காது. காதின் உள்மடிப்பு, விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில் என்று தினமும் தடவிப் பாருங்கள். உண்ணியால் வரும் காய்ச்சல் நாயைப் படுக்க வைத்துவிடும். நகம் தரையில் டக் டக் என்று கேட்டால் நீளமாகிவிட்டது என்று அர்த்தம். வெட்டாவிட்டால் நடையே கோணிவிடும்.

பிள்ளைகளே, எந்த நாய் கடித்தாலும், பல்லோ நகமோ லேசாகப் பட்டுத் தோல் கீறினாலும் வீட்டில் மறைக்காதீர்கள். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

4. நிறுத்துவது

இதை ஸ்டேக் என்பார்கள். புதியவர்கள் அவசரப்படுவதும் நடுவர் அதிக நேரம் பார்ப்பதும் இதைத்தான்.

நாய் உங்களுக்கு இடப்பக்கம் நிற்கட்டும். பட்டையைக் கழுத்தின் மேல்பகுதியில், காதுகளுக்குச் சற்றுப் பின்னால் கொண்டுவாருங்கள். தாழ இருந்தால் நாய் தலையைத் தொங்கப்போடும். மீதி லீட்டை மடித்து உள்ளங்கைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வால் மாதிரி தொங்கக் கூடாது.

முதலில் முன்னங்கால். பாதத்தைப் பிடித்துத் தூக்கினால் நாய் உடனே இழுத்துக்கொள்ளும். முழங்கையைப் பிடித்து லேசாகத் தூக்கி, தோளுக்கு நேர் கீழே இறக்குங்கள். இரண்டு முன்னங்கால்களும் தோளிலிருந்து நூல் பிடித்த மாதிரி நிற்க வேண்டும். அடுத்துப் பின்னங்கால். குதிமூட்டுக்குப் பக்கத்தில் பிடித்து, அங்கிருந்து தரை வரை உள்ள பகுதி செங்குத்தாக இருக்கும்படி வையுங்கள். பெரும்பாலான இனங்களுக்கு இப்படித்தான். ஜெர்மன் ஷெப்பர்டை மட்டும் ஒரு பின்னங்கால் உடலுக்கு அடியிலும், நடுவர் பக்கத்துக் கால் பின்னாலும் இருக்கும்படி நிறுத்துவார்கள்.

வைத்த காலை நாய் உடனே நகர்த்தும். திட்டாதீர்கள். திரும்ப வைத்து, இரண்டு நொடி நின்றாலும் ஒரு துண்டு கொடுங்கள். நம்மூரில் இதற்கு வேகவைத்த சூரை மீனை மிஞ்ச எதுவும் இல்லை. உப்பில்லாமல் அவித்து, முள் எடுத்து, சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பிய்த்து வைத்துக்கொள்ளலாம். கருவாடு வேண்டாம், உப்பு ஜாஸ்தி. இரண்டு நொடியை மெல்ல மெல்ல ஒரு நிமிடமாக்குங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடப் பயிற்சி போதும்.

தெருவில் பழக்கும்போது யாராவது ஒரு பாட்டா நின்று, "ஏம் மக்கா, பட்டியப் போட்டு இந்தப் பாடு படுத்துக?" என்று கேட்பார். அவரை விடாதீர்கள். நாயின் முதுகையும் தொடையையும் ஒரு தடவை தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ரிங்கில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து தலை முதல் வால் வரை தடவுவார். ஆண் நாய்க்கு விதைகள் இரண்டும் இறங்கியிருக்கின்றனவா என்றுகூடத் தொட்டுப் பார்ப்பார். இப்படிப் பல கைகளுக்குப் பழகிய நாய்தான் அப்போது அசையாமல் நிற்கும்.

5. பல் காட்டுவது

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். வாயைப் பிளக்க வேண்டியதில்லை. ஒரு கை தாடைக்கு அடியில் இருக்க, மறு கையால் மேலுதட்டை மெல்ல உயர்த்தி முன்பற்கள் சேரும் இடத்தைக் காட்டுங்கள். அப்புறம் இரு பக்கமும். மூக்குத் துளையை மூடிவிட்டால் நாய் திமிறும். பல இனங்களில் மேல்வரிசை, கீழ்வரிசையை ஒட்டி வெளிப்பக்கமாக மூட வேண்டும். பாக்ஸர், பக் மாதிரி இனங்களில் கீழ்த்தாடை முன்னே நீண்டிருப்பதுதான் சரி. இதில் எல்லாரும் செய்யும் தவறு, தாங்களும் பல்லைப் பார்க்கக் குனிந்து தலையால் மறைத்துவிடுவது. பார்க்க வேண்டியவர் நடுவர்.

6. ஓட்டம்

நாய் துள்ளு நடையில் வர வேண்டும். முன் வலக்காலும் பின் இடக்காலும் சேர்ந்து போகும், அடுத்து மற்ற ஜோடி. நீங்கள் ரொம்ப மெதுவாகப் போனால் ஒரே பக்கத்துக் கால்கள் சேர்ந்து ஆடும். ரொம்ப வேகமாகப் போனால் பாய்ச்சலாகிவிடும். உங்கள் நாய்க்கு ஏற்ற வேகம் எது என்று கண்டுபிடிக்க, யாரையாவது பக்கவாட்டில் நின்று போனில் ஸ்லோமோஷனில் எடுக்கச் சொல்லுங்கள். காலை ஆறு மணிக்கு மைதானம் நல்லது. கடற்கரைக்குப் போவதென்றால், சொத்தவிளையிலோ சங்குத்துறையிலோ அலை வாங்கிய பின் இறுகிக் கிடக்கும் ஈர மணலில் ஓடுங்கள். காய்ந்த மணலில் கால் புதைந்து நடை கெட்டுப்போகும்.

ரிங்கில் எல்லாரும் வட்டமாகக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஓடுவதற்குக் காரணம் உண்டு. நாய் நம் இடப்பக்கம், நடுவர் வட்டத்துக்கு நடுவில். இப்படி ஓடினால்தான் அவருக்கு நாய் தெரியும். அப்புறம் நடுவர் ஒவ்வொருவரையும் தனியாக நேர்கோடு, முக்கோணம், 'எல்' என்று ஏதாவது ஒரு வடிவத்தில் ஓடச் சொல்வார். நேராகப் போய்த் திரும்புவது எளிது. முக்கோணத்தில் மூலைகளை வளைத்து மழுப்பாமல் திரும்பிப் பழகினால் போதும்.

பிள்ளைகள் தடுமாறுவது 'எல்' வடிவத்தில்தான். நடுவரிடமிருந்து நேரே போகிறீர்கள், இடப்பக்கம் திரும்பி ரிங்கின் மறுகோடிக்குப் போகிறீர்கள். அதுவரை கவலையில்லை. அங்கிருந்து அதே வழியில் திரும்பும்போது நடுவர் உங்களுக்கு வலப்பக்கம் வந்துவிடுவார். நாய் இடப்பக்கமே இருந்தால் நீங்கள் மறைத்துவிடுவீர்கள். எனவே கோடியில் திரும்பும் அந்த இடத்திலேயே லீட்டை வலக்கைக்கு மாற்றி, நாயையும் வலப்பக்கம் கொண்டுவர வேண்டும். இதை முதலில் நாய் இல்லாமல், கையில் ஒரு துண்டை லீட்டாக வைத்துக்கொண்டு வீட்டு முற்றத்தில் பழகுங்கள்.

7. சத்தமும் கூட்டமும்

கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா வெடிக்கு நடுங்கும் நாய், ஒலிபெருக்கி அலறும் கண்காட்சியில் நிற்காது. அதற்காகத் திருவிழாக் கூட்டத்துக்குள்ளே இழுத்துக்கொண்டு போகாதீர்கள். செண்டை மேளம் லேசாகக் காதில் விழும் தூரத்தில் நின்று ஆரம்பியுங்கள். காதைத் தளரவிட்டு, கொடுத்த தீனியைத் தின்றால் அந்தத் தூரம் நாய்க்குச் சரி. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் கிட்டே போகலாம். தின்ன மறுத்தால் பின்னால் போய்விடுங்கள்.

8. போட்டி நாள்

கறுப்பு நாய்க்குக் கறுப்பு பேண்ட் போடாதீர்கள். நாயின் கால்கள் அதில் கலந்து தெரியாமல் போகும். ஆடும் வளையல், தொங்கும் அடையாள அட்டை, வழுக்கும் செருப்பு எதுவும் வேண்டாம். எண் அட்டையை இடது கையில் கட்டுவார்கள். உங்கள் நாயின் வயது, இனம் எல்லாவற்றையும் தெரிந்துவைத்திருங்கள், நடுவர் கேட்கலாம். தண்ணீர் வீட்டிலிருந்தே எடுத்துப்போங்கள். பூட்டிய காருக்குள் நாயை ஐந்து நிமிஷம்கூட விடக் கூடாது.

ரயிலில் தொலைவு போவதாக இருந்தால் ஸ்லீப்பரிலோ இரண்டடுக்கு, மூன்றடுக்கு ஏசியிலோ நாயை ஏற்ற முடியாது. முதல் வகுப்பில் ஒரு தனி அறை (கூப்பே அல்லது கேபின்) முழுவதும் உங்களுக்குக் கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் கார்டு பெட்டியின் நாய்க்கூண்டு. பழகாத நாயைத் தனியாக அந்தக் கூண்டில் அனுப்ப எனக்கு மனம் வராது. முதல் வருஷம் திருவனந்தபுரமே போதும்.

9. சான்றிதழ் இல்லாத நாயா?

தெரு நாயை எடுத்து வளர்க்கிறீர்கள் என்றால் உங்களுக்கு அஜிலிட்டி என்ற தடை தாண்டும் போட்டி இருக்கிறது. 1978இல் லண்டன் கிரஃப்ட்ஸ் கண்காட்சியில் இடைவேளையில் காட்டிய ஒரு வேடிக்கையாகத் தொடங்கி, இன்று உலகம் முழுக்க நடக்கும் விளையாட்டு. இனத்தின் அழகுக்கு இதில் மதிப்பெண் கிடையாது. தடைகளைத் தவறில்லாமல், வேகமாகத் தாண்டினால் போதும். ஒரு வயது தாண்டும்வரை உயரத் தாண்டவிடாதீர்கள், வளரும் எலும்புக்கு ஆகாது. தரையில் கிடக்கும் கம்பைத் தாண்டிப் பழகட்டும்.

பிளம்பர் கடையில் கிடைக்கும் பிவிசி குழாயை வெட்டி, 60 செ.மீ. இடைவெளியில் தரையில் நட்டால் வளைந்து ஓடும் தடை தயார். முதல் குழாய் எப்போதும் நாயின் இடது தோளுக்குப் பக்கத்தில் வரும்படி அது நுழைய வேண்டும். போட்டியில் 12 குழாய்கள் வரை இருக்கும். நீங்கள் இரண்டே குழாயில் ஆரம்பியுங்கள். எந்தப் பக்கமிருந்து அனுப்பினாலும் சரியாக நுழைகிறது என்றானதும் நான்கு, அப்புறம் ஆறு.