பழைய மாதா பதக்கத்தில் இருக்கும் வருடத்தை நம்பாதீர்கள்

‘1830’ என்று பொறித்த அற்புதப் பதக்கம் (கத்தோலிக்கர்கள் கழுத்தில் அணியும் மாதா பதக்கம்) கிடைத்ததும் துள்ளிக் குதிக்க வேண்டாம். அது பாரிஸில் கத்தரீன் லபூரே என்ற கன்னியாஸ்திரிக்கு மாதா காட்சி கொடுத்த வருடம். முதல் பதக்கங்களே 1832இல்தான் வந்தன; இன்று அடிக்கும் பதக்கத்திலும் அதே 1830 இருக்கும். புனித பெனடிக்ட் பதக்கத்தில் வரும் 1880ம் அப்படித்தான், அவர் பிறந்து 1400 ஆண்டுகள் ஆனதன் நினைவு.

சரி, வயதை எப்படிக் கணிப்பது? உலோகத்தைப் பாருங்கள். இறகு போல லேசான அலுமினியம் என்றால் பெரும்பாலும் 1886க்குப் பிந்தையது. அந்த உலோகம் மலிவானதே அதன் பிறகுதான். அப்புறம் தேய்மானம்: நிஜமாகவே கழுத்தில் கிடந்ததில் வளையத்தின் உள்பக்கமும் மேடான முகமும்தான் முதலில் மழுங்கும். எல்லா இடமும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான். தயவுசெய்து பாலிஷ் மட்டும் போட்டுவிடாதீர்கள்.