பாலக்காட்டிலிருந்து மேடை வரை: கர்நாடக இசை கற்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்பாத்தி, சாத்தபுரம், கோவிந்தராஜபுரம் போன்ற கிராமங்களிலும் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கங்களிலும், வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் மலையாளம் படிக்கும் பிள்ளைகள் பலர் இன்றும் பாட்டும் வயலினும் மிருதங்கமும் கற்கிறார்கள். பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர், மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர், பாடகர்கள் எம்.டி. ராமநாதன், கே.வி. நாராயணசுவாமி ஆகியோரின் பெயர்கள் இந்த ஊரோடு சேர்ந்தே வழங்குவதால், பிள்ளையைச் சிறு வயதிலேயே பாட்டு வகுப்பில் சேர்ப்பது இங்கே இயல்பான வழக்கமாக இருக்கிறது. சேர்த்த பின்பு நேரும் தவறுகளே கவலை தருகின்றன. என் பார்வையில் அவற்றுள் பெரும்பாலானவை, கேட்பதற்கும் சாதகத்துக்கும் (அன்றாடப் பயிற்சிக்கும்) ஒதுக்க வேண்டிய காலத்தை மேடைக்கு ஒதுக்கிவிடும் அவசரத்திலிருந்தே பிறக்கின்றன.

அடிப்படைப் பாடங்களை ஓட்டமாக முடிப்பது முதல் தவறு. சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம் ஆகியவை மாயாமாளவகௌளையில் சொல்லித்தரப்படுவதற்குக் காரணம் உண்டு. அந்த ராகத்தில் ஸட்ஜத்தை ஒட்டி ரிஷபமும், பஞ்சமத்தை ஒட்டி தைவதமும் அரை ஸ்வர இடைவெளியில் நிற்கின்றன. காந்தாரமும் நிஷாதமும் தள்ளி நிற்கின்றன. மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒரே அமைப்பில் இருக்கின்றன. இந்த இடைவெளிகளைத் தொண்டை துல்லியமாகப் பிடிக்கப் பழகினால்தான் ஸ்ருதி நிலைக்கும். ஆறே மாதத்தில் ஒரே காலத்தில் (வேகத்தில்) ஒப்பித்துவிட்டு, எளிய முதல் பாடல்களான கீதத்துக்குத் தாவும் பிள்ளைக்கு இந்தப் பழக்கம் வாய்ப்பதில்லை. ஒவ்வொரு வரிசையையும் மூன்று காலத்திலும், ஸ்வரமாகவும், ‘ஆ’ என்று நீட்டும் அகாரமாகவும் பாடவைக்க வேண்டும். பின்பு அதே வரிசைகளைக் கல்யாணி, சங்கராபரணம் போன்ற பிற ராகங்களிலும் பாடவைக்க வேண்டும். அடுத்து வர்ணங்களைக் குறைக்கும் தவறு வருகிறது. எத்தனை கீர்த்தனை தெரியும் என்று கேட்கும் பெற்றோர், எத்தனை வர்ணம் இரண்டு காலத்திலும் தாளம் தவறாமல் வரும் என்று கேட்பதில்லை. ராகத்தின் முக்கியமான பிரயோகங்களெல்லாம் வர்ணத்தில் சுருங்கிக் கிடக்கின்றன. கீர்த்தனைகள் குவிந்து வர்ணங்கள் குறைந்த மாணவர் ஆலாபனைக்கு (ராகத்தைச் சொந்தக் கற்பனையில் விரித்துப் பாடுவதற்கு) வாயைத் திறந்ததும் தடுமாறுவது இதனால்தான்.

ஸ்ருதியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பதினைந்து பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்து ஒரே கட்டையில் (ஸ்ருதி அளவில்) பாடவைப்பது ஆசிரியருக்கு வசதியாக இருக்கலாம்; ஆனால் அவர்களில் சிலர் கீழே எட்டாமலும் சிலர் மேலே கத்தியும் பாடுவார்கள். மேல் பஞ்சமமும் கீழ்ப் பஞ்சமமும் எந்தக் கட்டையில் சிரமமின்றி வருகின்றனவோ அதுவே அந்தப் பிள்ளையின் ஸ்ருதி. ஆண் பிள்ளைகளுக்குக் குரல் உடையும் பருவத்தில் பழைய கட்டையிலேயே பாடச் சொல்வது கொடுமை. அந்த மாதங்களில் ஸ்ருதியைக் கீழிறக்கி, தாளப் பயிற்சியையும் பிறர் பாட்டைக் கேட்பதையும் கூட்டிக்கொள்வதே சரி. எம்.டி. ராமநாதன் தம் கனத்த குரலுக்கு இசைந்த தாழ்ந்த ஸ்ருதியிலேயே பாடினார். ஊரார் விரும்புகிறார்கள் என்று அதை உயர்த்தவில்லை. அதே ராமநாதனின் மெதுவான விளம்ப காலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அவருக்கிருந்த தாளக் கட்டுப்பாடு இல்லாமல் பாடிப் பார்க்கும் இளைஞர்களும் இங்கே உண்டு. குருவின் அல்லது ஆதர்சப் பாடகரின் வெளிப் பழக்கங்களைப் போலி செய்வது வளர்ச்சியைத் தடுக்கும்.

கேரளத்தில் வளரும் பிள்ளைகளுக்கே உரிய தவறு ஒன்று உண்டு. அது பள்ளி மாணவர்களின் கலைப்போட்டி விழாவான கலோல்சவத்துக்காகவே பாட்டுக் கற்பது. 1957-இல் தொடங்கிய மாநிலக் கலோல்சவம் பல கலைஞர்களை உருவாக்கியிருக்கிறது என்பதில் ஐயமில்லை. 1958-இல் வாய்ப்பாட்டில் யேசுதாசும் மிருதங்கத்தில் ஜெயச்சந்திரனும் முதலிடம் பெற்றதைச் சொல்லாத மலையாள இசை ரசிகர் இல்லை. ஆனால் யேசுதாஸ் அந்தப் பரிசோடு நின்றுவிடவில்லை, திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியில் படித்து, பின்னர் செம்பையிடமும் கற்றார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். இன்று பல வீடுகளில் எட்டாம் வகுப்பில் எடுத்த ஒரு கீர்த்தனையையே பன்னிரண்டாம் வகுப்பு வரை மெருகேற்றுகிறார்கள். ஆலாபனை எழுதித் தரப்படுகிறது, மேடையில் கற்பனையாகப் பாட வேண்டிய கல்பனாஸ்வரமும் மனப்பாடம்தான். ஏ கிரேடும் அதற்குரிய மதிப்பெண் சலுகையும் கிடைக்கின்றன. அந்தப் பிள்ளையிடம் மோகன ராகத்தில் நான்கு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) சொந்தமாக ஸ்வரம் பாடச் சொன்னால் திகைத்து நிற்கிறது. இதில் பிள்ளையைக் குறை சொல்ல ஏதுமில்லை. பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து செய்த தவறு இது. போட்டிக்கு அனுப்பலாம், ஆனால் அந்த ஆண்டு வகுப்பில் இயல்பாகக் கற்ற பாடல்களிலிருந்தே போட்டிப் பாடலைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதற்கான தனிப் பயிற்சியைச் சில வாரங்களுக்குள் நிறுத்த வேண்டும், போட்டி முடிந்ததும் அதே ராகத்தில் வேறு கீர்த்தனைகளைக் கற்பிக்க வேண்டும். எழுதித் தந்த ஆலாபனையை ஒருபோதும் ஏற்கக் கூடாது. இரண்டே நிமிடம் பாடினாலும் அது பிள்ளை தானே தேடிப் பாடியதாக இருக்கட்டும்.

சாகித்தியத்தை (பாடல் வரிகளை) எந்த எழுத்தில் எழுதிக்கொள்வது என்பது சிறிய விஷயமாகத் தோன்றும். தியாகராஜரும் சியாமா சாஸ்திரிகளும் பெரும்பாலும் தெலுங்கிலும், தீட்சிதர் பெரும்பாலும் சம்ஸ்கிருதத்திலும் இயற்றினார்கள். தமிழ் எழுத்தில் வல்லினத்துக்கு ஒவ்வோர் எழுத்தே இருப்பதால், அவற்றை அப்படியே தமிழில் எழுதிப் படிக்கும் பிள்ளை எங்கே அழுத்துவது, எங்கே மெலிப்பது, எங்கே மூச்சைச் சேர்ப்பது என்று தெரியாமல் ஒலியைக் கலந்துவிடுகிறது. தமிழ்நாட்டு நூல்களில் எழுத்தின் மேல் எண்ணிட்டு இதைச் சமாளிக்கிறார்கள். பாலக்காட்டுப் பிள்ளைக்கு அதைவிட எளிய வழி கையிலேயே இருக்கிறது: பள்ளியில் கற்ற மலையாள எழுத்தில் நான்கு வகை ஒலிகளுக்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு. தெலுங்கு, சம்ஸ்கிருதப் பாடல்களை மலையாளத்தில் எழுதிக்கொள்வதும், தமிழ்ப் பாடல்களைத் தமிழிலேயே எழுதிக்கொள்வதும் நல்லது. பின்னதற்குப் பிள்ளைக்குத் தமிழ் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் பேசுவதோடு நின்று, எழுதப் படிக்கக் கற்றுத்தராமல் விடுகிற குடும்பங்களின் பிள்ளைகள் அருணாசலக் கவியையும் கோபாலகிருஷ்ண பாரதியையும் பதம் பிரிக்கத் தெரியாமல் பாடுவதைக் கேட்கும்போது வருத்தமாக இருக்கிறது. பொருள் தெரியாமல் கற்ற பாடலில், ஒரு வரியைப் பல விதமாக விரித்துப் பாடும் நிரவலும் செய்ய முடியாது. நிரவலுக்கு எடுக்கும் வரி தன்னளவில் பொருள் முற்றியதாக இருக்க வேண்டும் என்ற அடிப்படைகூட அப்போது தவறிப்போகிறது.

இணையத்தில் கிடைக்கும் ஒலிப்பதிவுகள் பெரிய வரம்; அவற்றைப் பயன்படுத்தும் முறையில்தான் பிழை நேர்கிறது. பல்லவியை ஒருவரிடமிருந்தும் சரணத்தை மற்றொருவரிடமிருந்தும் எடுத்து ஒட்டினால், குரு வழியாக வரும் பாட முறையான பாடாந்தரம் என்று ஒன்று இருக்காது. குருவிடம் கற்ற பாடலைப் பிறர் பாடக் கேட்பது நல்லது. கேட்டுவிட்டுக் குருவைக் கேட்காமல் சங்கதிகளை (ஒரே வரியின் மாறுபட்ட மெட்டு வடிவங்களை) சேர்ப்பது நல்லதன்று. இணையவழி வகுப்பில் ஒலி சற்றுத் தாமதமாக வந்து சேர்வதால் குருவும் மாணவரும் ஒருங்கே தாளம் போட்டுப் பாட இயலாது. இதை ஈடுசெய்யக் கோவையோ திருச்சூரோ சென்று மாதம் ஒரு முறையாவது குருவின் எதிரில் அமர்வது அவசியம். நேரில் கேட்கும் வாய்ப்புக்கும் இங்கே குறைவில்லை. கல்பாத்தி ரதோற்சவத்தையொட்டி நடக்கும் இசை விழாவில் முன்னணிக் கலைஞர்களைக் கட்டணமின்றிக் கேட்கலாம். ஏகாதசியை ஒட்டிக் குருவாயூரில் செம்பை சங்கீதோற்சவம் நடக்கிறது. தாங்கள் பாடும் சில நிமிடங்களுக்காக மட்டும் குருவாயூர் சென்று, முடிந்ததும் அடுத்தவர் பாட்டைக் கேளாமல் திரும்பும் குடும்பங்கள் அந்தப் பயணத்தின் பெரும்பகுதியை வீணாக்குகின்றன.

மிருதங்க மாணவர்களின் தவறுகள் வேறு வகையானவை. சொற்கட்டுகள் (அடிப்படைத் தாளச் சொற்கள்) தெளிவாக விழும் முன்பே மோரா, கோர்வை போன்ற கணக்கு முடிப்புகளைக் கேட்பது, மிருதங்கம் தனித்து ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்துக்கே பயிற்சி எடுப்பது, பாடலே தெரியாமல் பக்கவாத்தியம் வாசிப்பது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. மணி ஐயரின் பதிவுகளைக் கேட்பவர்கள் அவருடைய கணக்கைவிட, பாட்டோடு இழைந்து ஓடும்படி அவர் வாசித்த சர்வலகு நடையையும், எங்கே நிறுத்தினார் என்பதையும் கவனிக்க வேண்டும். சாகித்தியம் தெரிந்த கை, பாடல் வரி தொடங்கும் எடுப்பு வரும் இடத்தில் அடங்குவது அங்கே தெளிவாகக் கேட்கும். ஒலிபெருக்கியே வேண்டாம் என்று வாதிட்ட அந்த மேதையின் ஊரிலிருந்து வரும் இளைஞர்கள், மேடையில் தம் வாத்தியத்தின் ஒலியைக் கூட்டச் சொல்லித் தம்புராவையே மறைத்துவிடுவது நியாயமன்று. வாத்தியம் வாங்குவதிலும் கவனம் வேண்டும். ஆண் குரலுக்குரிய தக்கு ஸ்ருதி மிருதங்கமும், பெண் குரலுக்குரிய ஹெச்சு ஸ்ருதி மிருதங்கமும் வெவ்வேறு அளவின. ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டையும் சமாளிக்க முயன்றால் தோலும் நாதமும் கெடும். இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளையை வலக்கைக்கு மாற்றுவதும் வேண்டாத வேலை. பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கையால் வாசித்தவர். மேடையில் வயலின் கலைஞர் இடம் மாறி அமர வேண்டியிருந்ததால் அவரைப் பக்கவாத்தியத்துக்கு அழைக்கத் தயக்கம் காட்டப்பட்ட காலத்தில் செம்பை அவருக்குத் துணை நின்றார். பல்லாவூர் போன்ற ஊர்கள் பக்கத்தில் இருக்கும்போது கேரளக் கோயில் மேளக் கலைகளான தாயம்பகையையும் பஞ்சவாத்தியத்தையும் கேளாமல் விடுவது மிருதங்க மாணவருக்குப் பெரிய இழப்பு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அரங்கேற்றம் முடிந்ததும் கற்றல் முடிந்ததென்று எண்ணுவது, இந்த வரிசையில் மிகப் பெரிய தவறு என்று கருதுகிறேன். மணி ஐயர் சாத்தபுரம் சுப்பய்யரிடமும் கல்பாத்தி விஸ்வநாதய்யரிடமும் கற்று, சிறுவயதிலேயே கச்சேரிகளில் பெயர் பெற்ற பின்பு, தஞ்சாவூர் வைத்தியநாதய்யரிடம் மாணவராகச் சேர்ந்தார். கே.வி. நாராயணசுவாமி தந்தையிடம் தொடங்கி, மணி ஐயரிடமும் கற்று, பின்னர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் சீடரானார். எனவே குருவை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவர்கள் அடுத்த குருவிடம் சென்றது கற்பதை ஆழப்படுத்துவதற்காக. இன்று பலர் மாறுவதோ கச்சேரி வாங்கித் தருவார் என்ற எதிர்பார்ப்பில்.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் என்ட்ரன்ஸ் பயிற்சிக்காக இசையை அடியோடு நிறுத்துவதும் இங்கே பரவலாக நடக்கிறது. குரல் உறுதிப்படும் அந்த இரண்டு ஆண்டுகளை இழந்தால் மீட்பது கடினம். தினமும் அரை மணி அகார சாதகமாவது நடக்கட்டும். படிப்பும் இசையும் பகையல்ல. ராமநாதன் பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் இயற்பியல் பட்டம் பெற்ற பின்பே கலாக்ஷேத்திரத்தில் டைகர் வரதாச்சாரியாரிடம் சேர்ந்தார். இசையையே பட்டப்படிப்பாக எடுப்பவர்களுக்கு ஊரிலேயே செம்பை நினைவு அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. திருவனந்தபுரத்தில் 1939-இல் தொடங்கப்பட்ட சுவாதித் திருநாள் கல்லூரி இருக்கிறது. கல்லூரி வந்ததும் குருவை விட்டுவிடுவது ஒரு தவறு. கச்சேரி செய்பவனுக்குப் பட்டம் எதற்கு என்று இகழ்வது அதற்கு எதிரான தவறு. பள்ளி, கல்லூரி ஆசிரியப் பணிகளுக்குத் தகுதிச் சான்றும், கல்லூரிப் பணிக்கு யு.ஜி.சி. நெட் போன்ற தேர்வும் தேவைப்படுகின்றன. கச்சேரி வருமானம் மட்டும் நம்பி வாழக்கூடிய கலைஞர்கள் எந்தத் தலைமுறையிலும் சிலர்தான்.

வானொலித் தேர்வுக்குச் செல்பவர்கள் விண்ணப்பத்தில் ராகப் பட்டியலை நீளமாகக் காட்டத் துடிக்கிறார்கள். பட்டியலில் உள்ள எந்த ராகத்தையும் குழு கேட்கலாம் என்பதால், நன்றாகத் தெரிந்தவற்றை மட்டும் எழுதுவதே அறிவுடைமை. பி கிரேடு கிடைத்ததும் அடுத்த கிரேடுக்கு முயலாமல் பல ஆண்டுகள் இருந்துவிடுவதும் பலர் செய்வது. டிசம்பர் சீசனில் சென்னையில் ஒரு பகல் நேர வாய்ப்புக்காக நன்கொடை என்ற பெயரில் பெருந்தொகை தருவதை நான் ஆதரிக்க மாட்டேன். அந்தப் பணத்தில் ஓராண்டு பாடமே கேட்கலாம். கேரளக் கோயில் மேடைகளுக்கு அழைக்கப்படுவோர், திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் கிருதிகள் நான்கைந்தாவது பாடம் இல்லாமல் வருவது பொருத்தமன்று. திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் நவராத்திரியின் ஒவ்வொரு நாளுக்கும் உரிய கிருதியும் ராகமும் வரையறுக்கப்பட்டுள்ளன, கைதட்டலும் இல்லை. அங்கே பாட விரும்புவோர் அந்த ஒன்பது கிருதிகளையும் பல ஆண்டுகளுக்கு முன்பே கற்றுவைத்திருக்க வேண்டும்.

பக்கவாத்தியக் கலைஞர்களிடம் சன்மானத்தைப் பேசாமலே அழைத்துச் செல்வது இளம் பாடகர்கள் கூசிக் கூசிச் செய்யும் தவறு. தொகை எவ்வளவு, ரயில் செலவு யாருடையது, தங்குமிடம் உண்டா, கச்சேரி எத்தனை மணி நேரம், வாசிக்க வேண்டிய ஸ்ருதி எது என்பவற்றைத் தேதி உறுதியாகும்போதே எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். ஸ்ருதியை முன்கூட்டிச் சொல்லாவிட்டால், மிருதங்கக் கலைஞர் பொருந்தாத வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு பாலக்காட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை வர நேரிடும்.